நான்காம் இடத்தின் கனம்



கடந்த மாதம் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்து, இரண்டு அறைகளில் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுதலில் நான்காவதாக வந்த மகள் மூலையில் அமர்ந்திருந்தாள். "மூணு பேருக்குத்தானே ஐயா பரிசு, நாலாவதா வந்து என்ன பிரயோஜனம்?" என்றார் தகப்பனார். அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

தீபா கர்மாகர் 1993ஆம் ஆண்டு திரிபுராவில் பிறந்தவர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகத் தொடங்கியபோது அவருடைய பாதங்கள் தட்டையாயிருந்தன. உந்தி எழும்பவும் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கவும் உதவும் வளைவு அவற்றில் இல்லை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியோடு வருஷக்கணக்காய்ப் பிரயாசப்பட்டு அக்குறையை மேற்கொண்டார். 2016இல் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையானார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 14 அன்று ரியோ டி ஜெனிரோவில் வால்ட் இறுதிப் போட்டி. அவர் தெரிந்துகொண்டது புரோடுனோவா என்னும் தாண்டுதல். ஓடிவந்து, மேசைபோன்ற சாதனத்தில் கைகளை ஊன்றி எழும்பி, அந்தரத்தில் இரண்டு முறை முன்னோக்கிக் கரணம் போட்டுக் கால்களில் இறங்க வேண்டும். பிசகினால் கழுத்து முறியக்கூடும் என்பதால் அதற்குத் துணிந்தவர்கள் வெகு சிலரே.

இவ்விளையாட்டில் நடுவர்கள் இரண்டு காரியங்களை மதிப்பிடுகிறார்கள். முயன்ற செயல் எவ்வளவு கடினமானது என்பது ஒன்று. எவ்வளவு நேர்த்தியாய்ச் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. கடினத்திற்குத் தீபா பெற்றது 7.0. இறங்கும்போது மிகவும் தாழ்ந்து அமர்ந்துவிட்டதால் நேர்த்திக்குக் கிடைத்தது 8.266. இரண்டு தாண்டுதல்களின் சராசரி 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. வித்தியாசம் 0.150 மாத்திரமே! நான்காம் இடத்தோடு திரும்பியவருக்கு அதே ஆண்டில் தேசம் கேல் ரத்னா விருதளித்துக் கனப்படுத்தியது.

2006இல் வெளிவந்த 'ஸ்டிக் இட்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படமும் இவ்விளையாட்டைப் பற்றியதே. ஒரு பெண் அருமையாய்த் தாண்டி இறங்குகிறாள். உள்ளாடையின் பட்டி சற்று வெளியே தெரிந்ததென்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். மற்றப் பெண்களோ அதைச் சகியாமல், தங்கள் முறை வந்தபோது போட்டியிடாமல் விலகிக்கொள்கிறார்கள். நாமும் பல வேளைகளில் அந்த நடுவர்களைப்போல, பிள்ளையின் பிரயாசத்தை விட்டுவிட்டுப் பட்டியைத்தான் பார்க்கிறோம்.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று யோசியுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். படிக்கத் தனி அறை இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. அவர்கள் முயலும் தாண்டுதலின் கடினம் அதிகம். மதிப்பெண் அட்டையிலோ நேர்த்திக்குரிய எண் மாத்திரம் இருக்கிறது. கடினத்திற்குரிய எண்ணை எழுதவேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. தவறைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீபாவின் பயிற்சியாளரும் திருத்தினார். ஆனால் அவர் சிறுமியின் தட்டைப் பாதத்தைக் கண்டு அவளைத் தள்ளிவிடவில்லை.

ரியோவோடு அவருடைய ஓட்டம் முடியவுமில்லை. 2017இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. பின்னர், தடைசெய்யப்பட்ட பொருளொன்று பரிசோதனையில் காணப்பட்டதால் 21 மாதத் தடை. அது 2023 ஜூலையில் முடிந்தது. மறு ஆண்டு மே மாதம், 30ஆம் வயதில், தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன்ஷிப் தங்கத்தை வென்றார். அப்போட்டிகளில் தங்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு மகளை அருகே அழைத்து, "எவ்வளவு தூரம்மா தாண்டினே?" என்று கேட்டார். போட்டி முடிந்து மூன்று நாட்களாகியும் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இன்று கேட்பீர்களா?