வேகத்துக்கு உரிய களம்

குதிரை வாங்கி வரும்படி பாண்டியன் அனுப்பிவைத்த அமைச்சர் பிறந்த ஊர் என்று திருவாதவூரை உலகம் அறியும். அவ்வூரை அடுத்த மேலூர் வட்டாரத்திலோ, இன்றைக்கும் கோயில் திருவிழா வந்தால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் ஜனங்களுக்குத் திருப்தி உண்டாவதில்லை. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் தூரத்தையும் எல்லையையும் முன்கூட்டியே நிர்ணயித்து, வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டுமின்றி அதை ஓட்டிய சாரதிக்கும் தனியே பரிசளித்துக் கௌரவிக்கும் இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு, வேகத்தின்மீது மனிதனுக்குள்ள ஆசையை அடக்க முயலாமல் அதற்கு ஒரு நியமத்தை வகுத்துக் கொடுத்த கிராமத்துப் பெரியவர்களின் விவேகம் விளங்காமற் போகாது.

அந்த விவேகம் மோட்டார் விஷயத்தில் நம் மதுரைச் சீமைக்கு இன்னும் கைகூடவில்லை. நள்ளிரவுக்குமேல் நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளையும் காரையும் விரட்டிப் பரீட்சை பார்க்கும் வாலிபர்களைப் போலீசார் பிடிக்கிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள், அது அவர்கள் கடமை. ஆனால் அபராதத்தினால் ஆசை அழிந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆசைக்கு ஓர் இடமும், அவ்விடத்துக்கு ஒரு சட்டமும், அச்சட்டத்தை நடத்த ஊதியம் கருதாத ஒரு சங்கமும் வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

1953-ஆம் ஆண்டில், மோட்டாரின்மீது மோகம் கொண்ட சில சிநேகிதர்கள் ஒன்றுகூடி ஆரம்பித்த சங்கம் அது. அவர்களுக்குச் சொந்தமாகப் பந்தயத் தடம் இல்லை. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது போடப்பட்டுப் பின்பு வெறுமனே கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தைப் பந்தய நாட்களுக்கென அனுமதி பெற்று, வைக்கோல் கட்டுகளை அடுக்கித் திருப்பங்களை அமைத்துத்தான் அவர்கள் ஓட்டினார்கள். வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது ஏறக்குறைய அசாத்தியமாயிருந்த அந்தக் காலத்தில், குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற பியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்துப்போட்டு, கார்புரேட்டரை மாற்றி, பாரத்தைக் குறைத்து, லேத்தில் கடைந்த உதிரிப் பாகங்களைப் பொருத்திப் பந்தயத்துக்குத் தயாராக்கினார்கள். கோண்டல் மகாராஜாவும் வந்து ஓட்டினார். பெயர் தெரியாத மெக்கானிக்கும் தன் கையால் செப்பனிட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார். கல்கத்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். சோழவரம் என்ற சொல்லே பந்தயத்துக்கு மறுபெயராகிவிட்டது.

வேகத்தைக் காட்டிலும், அவ்வேகத்தைச் சுற்றி அச்சங்கம் எழுப்பிய ஒழுங்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வண்டியைப் பரிசோதிக்காமல் தடத்தில் விடுவதில்லை. ஹெல்மெட் இல்லாதவனுக்கு அனுமதியில்லை. மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக்கூடாது, சிவப்புக் கொடி விழுந்தால் பந்தயமே நிற்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொளுத்தும் வெயிலில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல் பெரும்பாலும் வேறு உத்தியோகம் பார்க்கிறவர். ஓய்வு நாளை இதற்கென்று கொடுப்பவர். அவர் கொடிக்குக் கோடீசுவரனும் கட்டுப்பட்டான்.

இரவல் ஓடுதளத்தை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? சங்கம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கிற்று. அங்கே 1990-இல், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரமான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. இதே தலைமுறையில் கோவையில் கரிவர்தன், சாமானிய மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, ஃபார்முலா பந்தயம் செல்வந்தர்களின் ஏகபோகம் என்ற நிலையைத் தளர்த்தினார். 1995-இல் விமான விபத்தில் அவர் அகால மரணம் அடைந்தது இத்துறைக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம். அவர் பெயரைத் தாங்கிய தடம் கோவையை அடுத்து இன்றும் இயங்குகிறது. சோழவரத்தில் தொடங்கிய இப்பரம்பரையின் பலனாகவே 2005-இல் கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநராக இறங்கினார். சங்கத்தை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010-இல் அவரைப் பின்தொடர்ந்தார்.

தலைநகர் டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் அமைத்த தடத்திலோ, 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா 1 நடந்து நின்றுபோயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நிற்கவில்லை. பணம் கட்டிய தடத்துக்கும் சங்கம் கட்டிய தடத்துக்கும் உள்ள பேதம் இதுதான்.

மதுரைக்கு இத்துறையில் உரிமை இல்லையென்று எவர் சொல்லக்கூடும்? 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மோட்டார் தொழிலுக்கு வித்திட்டது இந்நகரில்தானே. அந்த வித்திலிருந்து கிளைத்த ஓசூர் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தனக்கென்று ஒரு பந்தய அணியையே பல்லாண்டுகளாகப் போஷித்து வருகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் எஞ்சினின் சப்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடும் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது இங்கே தெருத்தெருவாக எழுந்த உத்ஸாகத்தையும் பார்த்தோம். அந்த உத்ஸாகம் போய்ச் சேர இடமில்லாமல் நெடுஞ்சாலைக்குத் திரும்புவதுதான் வேதனை.

இது பணக்காரர் விளையாட்டு, ஏழை நாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்களின் ஆட்சேபம் முற்றிலும் நியாயமற்றதன்று. டயரும் பெட்ரோலும் இனாமாக வருவதில்லை. ஆனால் ஜல்லிக்கட்டுக்கென்று அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் அரசாங்கமே 2024-இல் ஓர் அரங்கத்தைத் திறந்துவைத்த ஜில்லா இது. அந்த அளவு செலவைக்கூட நான் கேட்கவில்லை. ஆட்டோகிராஸ் என்னும் போட்டிக்குத் தார்த் தடமே வேண்டாம். மண் மைதானம் ஒன்றில் வளைவுகளைக் குறித்து, ஒரு சமயத்தில் ஒரே வண்டியை விட்டு, நேரம் குறித்து வெற்றியை நிர்ணயிப்பார்கள். வண்டியோடு வண்டி மோதும் அபாயம் இல்லை. மேலூர்ப் பக்கம் ஒரு தரிசு நிலத்தைக் கலெக்டர் வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அனுமதித்து, ஒரு டாக்டரும் ஆம்புலன்ஸும் உடனிருக்க, பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் பட்டறை முதலாளிகளும் பத்திருபது பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவுசெய்து, சென்னைச் சங்கத்திலிருந்து அனுபவஸ்தர்களை வரவழைத்து மார்ஷல்களுக்குப் பயிற்சி கொடுத்தால், வருகிற மாசிக்குள் முதல் போட்டியை நடத்திவிடலாம்.