ஊசிக்கு முன் பதில் வேண்டும்

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோரை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் 4 குழந்தைகள் இறந்தன. அதுவரை ஊருக்குள் வந்த ஊசி, அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நகர்ந்தது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் சுமார் 81 சதவீதமாக இருந்த தமிழகத்தின் முழுத் தடுப்பூசி அளவு, 2015-16இல் 70 ஆகச் சரிந்தது. அந்தச் சம்பவம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்மார் அதை மறக்கவில்லை.

2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமை வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசி காரணமில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வர அக்டோபர் ஆனது. இடைப்பட்ட மாதங்கள் வதந்திக்குப் போதும்.

நம் ஊருக்குக் கூடுதல் காரணமும் உண்டு. 2018 மே மாதம் போராட்டக்காரர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்த ஊர் இது. அரசின் வாக்கை இங்கே எடைபோட்டுத்தான் ஏற்பார்கள்.

இந்தச் சூழலில்தான் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் தொற்றுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் இந்த வயது. 'பிள்ளைப்பேறு பாதிக்குமோ?' என்று எந்த அம்மாவும் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பள்ளியில் ஒட்டும் சுவரொட்டி போதாது.

இரண்டு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், மணப்பாடு, காயல்பட்டினம் என ஊர் ஊராக மருத்துவரை அனுப்பி, தாய் தந்தை இருவரையும் கேட்க விடுங்கள். கைவலி, காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும்.

அடுத்து, ஊசிக்குப் பின் யாருக்காவது உடல்நலக் குறைவு நேர்ந்தால், யாரை அழைப்பது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும். விசாரணை என்ன சொன்னது என்பதை மாவட்டக் குழு எளிய தமிழில், உடனுக்குடன் வெளியிட வேண்டும்.

வதந்திக்குப் பதில் சொல்வதைவிட, அதற்கு முன்பே பேசிவிடுவது எளிது. முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் குடிமகன் ஒருவன்