பேராக்கும் மணிலாவும் ஒரே பாடம்

ஈப்போ பழைய நகரில் 1909-ல் எழுப்பிய பெர்ச் மணிக்கூண்டின் மூலைகளில் விசுவாசம், நீதி, பொறுமை, மனத்திண்மை ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு உருவங்கள் நிற்கின்றன. அருகிலுள்ள சாலைக்கோ, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச்சின் கொலைக்காக 1877-ல் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர். சிலிபின் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து வரலாறு நடத்த வேண்டும். அந்தப் பாடம் பேராக்கோடு நிற்காமல் அமெரிக்கா வரை போக வேண்டும்.

லாருட் ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், அமைதியை நிலைநாட்டுவதாகச் சொல்லித்தான் பிரிட்டன் பேராக்கில் நுழைந்தது. 1874-ல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தப்படி, மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு சுல்தான் நடக்க வேண்டும். மறுஆண்டு நவம்பரில் பாசிர் சாலாக்கில் பெர்ச் கொல்லப்பட்டார். படை வந்தது. சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

பிலிப்பைன்ஸில் அமெரிக்கா நடந்துகொண்டதும் இப்படித்தான். 1898 ஏப்ரலில் சிங்கப்பூரில் அமெரிக்கக் கான்சல் ஜெனரல் ஸ்பென்சர் பிராட்டும் பிலிப்பைன்ஸ் போராளி எமிலியோ அகினால்டோவும் சந்தித்தார்கள். விடுதலைக்கு உறுதி கிடைத்தது என்றார் அகினால்டோ, பிராட் மறுத்தார். எது உண்மையானாலும் பின்னர் நடந்ததில் சந்தேகமில்லை. ஜூன் 12-ல் அகினால்டோ சுதந்திரம் அறிவித்தார். டிசம்பரில், அந்த மக்களைக் கேட்காமலேயே, 2 கோடி டாலருக்கு ஸ்பெயினிடமிருந்து தீவுகளை அமெரிக்கா பெற்றுக்கொண்டது. 1899 பிப்ரவரியில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பைன்ஸ் போராளிகளுக்கும் இடையே போர் மூண்டது.

பள்ளியும் ரயிலும் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் தந்தவைதானே என்பார்கள். ஈப்போ ஆங்கிலோ சீனப் பள்ளியை 1895-ல் தொடங்கியது மெதடிஸ்ட் மிஷன். அதில் படித்துப் பயனடைந்த குடும்பங்களை மறுக்க முடியாது. ஆனால் 1885-ல் திறந்த தைப்பிங் – போர்ட் வெல்ட் ரயில் பாதை ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கப் போட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைத்த பயோனியர் படையினர். பிறகு அமெரிக்காவில் கார்கள் பெருகியபோது டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. அதற்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்தார்கள். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் ஆயிரக்கணக்கானோர் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வாஷிங்டனும் லண்டனும் எடுத்த முடிவுகள் நம் தோட்டத்து லயன் வீடு வரை வந்தன.

ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பங்கோரையும் மணிலாவையும் பால்மரத்தையும் ஒரே பாடமாக நடத்தும் பயிற்சியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்த மூத்தவர்களை வகுப்புக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதி வைக்கவும் வேண்டும்.