நட்சத்திர விளக்குகளும் ஏற்றுமதிக் கணக்கும்

ஆம்பூரில் பெத்லகேம் என்ற பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. லுத்தரன் மிஷனரிகள் தொடங்கிய பெத்தேஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் உள்ள ஊரில் அப்பெயர் வியப்புக்குரியதல்ல. டிசம்பர் பிறந்ததும் இத்தகைய பகுதிகளில் வாசலுக்கு வாசல் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. மாடிச் சுவர்களில் சீரியல் விளக்குகள் ஓடுகின்றன. திண்ணையில் வைக்கோல் பரப்பிய குடில் எழுகிறது. அவற்றைப் பார்த்துக்கொண்டே தெருத் தெருவாக நடப்பது, செலவில்லாத இன்பங்களில் ஒன்று என்பேன்.

இந்த இன்பத்துக்கு மத எல்லை இல்லை. வேலூர்க் கோட்டையின் ஒரே அகழிக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், பள்ளிவாசலும், 1846இல் கட்டப்பட்ட புனித யோவான் தேவாலயமும் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைகளை நடத்துவோரில் இஸ்லாமியர் மிகுதி. அங்கே உழைப்போரில் தலித் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் கணிசமானோர். ஒரே கூரையின்கீழ் வேலை செய்வோர், ஒருவர் வீட்டு விளக்கை மற்றவர் பார்க்கப் போவது இங்கே இயல்பான செயல்.

மின்விளக்கு அலங்காரம் தொடக்கத்தில் செல்வந்தர்களின் ஆடம்பரமாகவே இருந்தது. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இல் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 சிறு பல்புகளை எரியவிட்டதுதான் அதன் தொடக்கம். இன்று எல்இடி சரங்களின் விலை, காலணி தைக்கும் ஒரு பெண்ணின் கைக்கு எட்டும் அளவில் இருக்கிறது. ஆனால், அந்தக் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அவருடைய வேலை நாட்களே தீர்மானிக்கின்றன. ஆகவேதான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தெருக்களின் அலங்காரத்தை ஒரு பொருளாதாரக் குறியீடாகவும் நான் வாசிக்கிறேன்.

மேலை நாடுகளின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான காலணிகளும் கைப்பைகளும் இங்கிருந்து கப்பலேறுவது சில மாதங்கள் முன்னதாகவே. டிசம்பரில் இங்கே தைக்கப்படுபவை பெரும்பாலும் அடுத்த வசந்த, கோடைக் காலத்துக்கானவை. இந்தியத் தோல் பொருட்களுக்குத் தனி நாடு என்ற அளவில் மிகப் பெரிய சந்தையான அமெரிக்கா, 2025 ஆகஸ்ட் 27 முதல் 50% வரி விதித்தது. எனவே, பண்டிகைச் சரக்கைவிட, பண்டிகைக்குப் பிந்தைய வேலையின்மீதே அந்த அடி அதிகமாக விழுந்தது. விளக்கு எரியும் மாதத்தில் வெளியே தெரியாத இருள் இது.

ஆர்டர் குறையும்போது முதலில் போவது மிகுதி நேரப் பணி; பிறகு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்; கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளரின் இடம். மேற்பகுதி தைக்கும் பிரிவுகளில் பெண்களே மிகுதி என்பதால், இழப்பு நேரே சமையலறைக்குள் நுழைகிறது. இதில் கவனிக்கப்படாத ஓர் ஓட்டை உண்டு. ஈஎஸ்ஐ விதிப்படி, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால்தான், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை நோய்க்கால ஊதியப் பயன் கிடைக்கும். அமெரிக்க வரியால் வேலை நாளை இழந்த பெண், அடுத்த ஆண்டு காய்ச்சலில் படுத்தால் அந்த உதவியையும் இழக்க நேரலாம். தற்காலிக ஆட்குறைப்புக்குப் பாதி ஊதியம் இழப்பீடு என்ற சட்டப் பாதுகாப்பும், பதிவேட்டில் பெயரில்லாத நாள்கூலிகளைச் சென்றடைவதில்லை.

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ₹25,060 கோடியில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கும், ஏற்றுமதியாளர்களுக்கு ₹20,000 கோடி வரையிலான கடன் உத்தரவாதத்துக்கும் ஒப்புதல் அளித்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம், அங்கே தோல் காலணிகளுக்கான சுங்கவரியை நீக்க வகைசெய்கிறது. இவை தேவையானவையே. ஆயினும், இவை அனைத்தும் நிறுவனத்தின் கணக்கு வழியாகவே தொழிலாளியை எட்டியாக வேண்டும்; எட்டும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

உதவி பெறும் ஆலை, வேலை நாட்களைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். வரியால் பாதிக்கப்பட்ட துறைகளுக்கு 78 நாள் வரம்பை ஓராண்டுக்குத் தளர்த்தலாம். ஒப்பந்தத் தொழிலாளரின் வேலையிழப்பை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் தனியே கணக்கெடுக்கலாம். இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. நிர்வாக உறுதி போதும்.

உலகின் கிறிஸ்துமஸ் கடைவீதிகளை நிரப்புவதில் இந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கைகள் தம் வாசலில் ஏற்றும் ஒரு நட்சத்திரம் அடுத்த டிசம்பரிலும் எரியுமா என்பதற்கான விடை, ஜனவரிக்குப் பிறகு ஆலைகள் எத்தனை நாள் இயங்கும் என்பதில்தான் இருக்கிறது.