கைதட்டுறதுக்கு முன்னாடி சூடு எவ்வளவுன்னு கேளுங்க

கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை அந்த வீடியோ வரும். எங்கேயோ ஒரு கிராமத்து இளைஞன், பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின், அலுமினியக் குழாய், துணி போர்த்திய இறக்கை. பின்னால் உருக்கமான இசை. "படிக்காத மேதை" என்று தலைப்பு. நாமும் பகிர்வோம், கைதட்டுவோம். ஆனால் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம்: முழு த்ரொட்டிலில் ஐந்து நிமிடம் ஓடினால் அந்த சிலிண்டர் எத்தனை பாகைக்குச் சூடேறும்?

இந்தக் கேள்வி இல்லாத பாராட்டு மரியாதை இல்லை. அது வேடிக்கை பார்ப்பது.

இடுக்கி மாவட்டத்து சஜி தோமஸை எடுத்துக்கொள்வோம். காது கேளாத, வாய் பேசாத மனிதர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவர் கட்டிய இரண்டு இருக்கை இலகு விமானம் 2014இல் தமிழ்நாட்டு மணிமுத்தாறில் பறந்தது. 2017இல் அவர் கதையை ஒட்டி 'விமானம்' என்று மலையாளப் படமும் வந்தது. ஊடகங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அவருடைய குறைபாட்டையும் வறுமையையும்தான். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணை அவருக்கு இருந்தது என்பது ஓரமாகத்தான் வந்தது. என்ஜினைப் பற்றி விவரமாகப் பேசியவர்கள் மிகக் குறைவு.

நம் நாட்டில் ரே விஜேவர்தன இருந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தவர். அவரும் தன் கையாலேயே சிறு விமானங்கள் கட்டிப் பறந்தார். அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, பொறியியல் என்றார்கள். கொழும்பில் செய்தால் பொறியியல், லயத்திலோ குடிசையிலோ இருப்பவன் செய்தால் அதிசயம். அதிசயத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆபத்தே அங்கேதான்.

ஏன் ஆபத்து? பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ கால்பங்குதான் என்ஜினைச் சுழற்றுகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டர் சுவர் வழியாகவும் வெளியேற வேண்டும். ஆட்டோ என்ஜினைத் திறந்து பாருங்க, ஒரு விசிறியும் அதைச் சுற்றி ஒரு தகரக் கூடும் இருக்கும். ஆட்டோ ஏற்றத்தில் ஊர்ந்து போனாலும் சிலிண்டருக்குக் காற்று கிடைப்பது அதனால்தான். விமானம் கட்டுகிறவர் பாரத்தைக் குறைக்க முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். "முன்னாடி ப்ரொப்பெல்லர் சுத்துதே, அது காத்தடிக்காதா?" என்பார். ப்ரொப்பெல்லரின் நடுப்பகுதி மெதுவாகச் சுற்றுவது, தடிமனானது. என்ஜினுக்கு நேராக அது தள்ளும் காற்று கொஞ்சம்தான்.

சூடு ஏறினால் அடுத்த ஆலோசனை "ஓட்டையைப் பெருசாக்கு". இதுவும் தப்பு. ஓட்டை இருக்கிறது என்பதற்காகக் காற்று போகாது. இந்தப் பக்கம் அழுத்தம் கூடவும் அந்தப் பக்கம் குறையவும் இருந்தால்தான் போகும். முறையாகக் கட்டிய சிறு விமானத்தில் காற்று முன்னால் நுழைந்து, என்ஜினுக்கு மேலே தேங்கி, சிலிண்டர் செதில்களுக்கு ஊடாகக் கீழே இறங்கி, பின்னால் வெளியேறும். நடுவில் தகட்டுத் தடுப்பு, அதன் விளிம்பில் ரப்பர். அங்கே விரல் அகல இடைவெளி இருந்தாலும் காற்று செதிலைத் தொடாமல் சுலபமான வழியில் ஓடிவிடும். வெளிவாசல் உள்வாசலை விடப் பெரிதாக இருக்க வேண்டும், சூடான காற்று விரிகிறதே.

1920களில் சிலிண்டர்களைக் காற்றில் நீட்டி வைப்பதுதான் வழக்கம். மூடினால் வெந்துவிடும் என்று பயம். 1928இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுகூடத்தில் மூடியை ஒழுங்காக வடிவமைத்து அளந்து பார்த்தார்கள். என்ஜின் குளிர்ச்சியாகவே ஓடியது. கர்டிஸ் விமானம் ஒன்றின் வேகமும் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலுக்கு ஏறியது. பயத்தைத் தீர்த்தது அளவீடு.

அளப்பதையும் சரியான இடத்தில் அளக்கணும். வீட்டில் கட்டும் விமானங்களில் பலர் விரும்பிப் போடுவது பழைய வோக்ஸ்வேகன் என்ஜின். அது காரில் இருந்தபோது எண்ணெய்க் குளிர்ப்பான் விசிறிக் கூட்டுக்குள் நின்று மூன்றாம் சிலிண்டருக்கான காற்றை மறித்தது. மற்ற மூன்றும் நலம், அது மட்டும் வேகும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு "நோர்மல்தான்" என்று சொல்பவரை நம்பாதீங்க.

"நம்ம ஊரு குளிரு, இங்க என்ஜின் எப்படிச் சூடாகும்?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. என்ஜினின் பலமும் அதோடு குறையும். அதனால் த்ரொட்டிலை முழுதாகத் திறந்தபடி, மெதுவாக, நீண்ட நேரம் ஏற வேண்டியிருக்கும். சூடு அதிகம் பிறக்கும் நேரமும் காற்று குறைவாகப் பாயும் நேரமும் ஒன்றாகிவிடும்.

இதெல்லாம் நமக்குப் புரியாத சங்கதியா? தோட்டத்து பெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பாருங்க. அடியில் விசிறி காற்றைத் தள்ளும், வலைக்கு மேலே கொழுந்து. ஒரு மூலையில் மெல்லிசாகப் பரப்பினால் காற்றெல்லாம் அங்கேயே ஓடிவிடும், மற்ற இடம் வாடாது. அதனால்தான் சீராகப் பரப்பச் சொல்கிறார்கள். விமான என்ஜினின் தகட்டுத் தடுப்பும் இதே சூத்திரம்தான். பெக்டரியில் வேலை செய்கிற அக்காவுக்கும் ஃபிட்டர் அண்ணனுக்கும் இது கைப்பழக்கம். அதை அறிவு என்று எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அளப்பதற்குக் கோடி ரூபாயும் வேண்டாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப் போல வளைத்து, பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை என்ஜினுக்கு மேலும் மற்றதைக் கீழும் கொண்டுபோனால் அழுத்த வித்தியாசம் அங்குலக் கணக்கில் தெரியும். சாதாரண லைகமிங் என்ஜினுக்குச் சுமார் 5, 6 அங்குலம் வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளைய வடிவ வெப்ப உணரி ஒன்று வைத்தால் சூடு தெரியும். அந்த வகை என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர் தலைக்கு உச்ச எல்லை 260 பாகை செல்சியஸ். அலுமினியம் உருக 660 பாகை வேண்டும்தான், ஆனால் அதற்கு வெகுமுன்னமே அது பலம் இழந்துவிடும்.

"சோத்துக்கே அல்லாடுறோம், ப்ளேன் எதுக்கு?" நியாயமான கேள்வி. நாளைக்கே பறக்கக் கிளம்புங்க என்று நான் சொல்லவில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் பறப்பது சட்டவிரோதம், அந்தச் சட்டம் தேவையானதும்கூட. 1974 டிசம்பர் 4 அன்று நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்தில் 191 பேர் செத்தார்கள். என்ஜின் பழுதால் இல்லை, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தப்பாகக் கணித்ததால். தப்பான அளவு என்ன செய்யும் என்று நம் மலைக்குத் தெரியும்.

விஷயம் ப்ளேன் இல்லை, அளவு யார் கையில் என்பதுதான். இருநூறு வருஷமாக நாம் அளக்கப்பட்டவர்கள். கொழுந்துத் தராசு அடுத்தவன் கையில். தண்ணிக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழித்தது போகத்தான் நம் கணக்கு. நிறுத்ததைக் கேள்வி கேட்டால் வாயாடி என்று பேர். அப்படி வளர்ந்த நாம், நம் பிள்ளை ஒருவன் என்ஜினைத் தொட்டதும் அதிசயம் என்று கும்பிட்டு ஒதுங்குகிறோம்.

அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தரப் பௌதிகத்தைத் தமிழில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், பூட்டிக் கிடக்காத ஆய்வுகூடம் வேண்டும். பெக்டரி ஃபிட்டருக்கும் கராஜ் பையனுக்கும் அவர்கள் கைவேலையை மதிக்கும் சான்றிதழ் வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இருபது அடி குழாயும் ஒரு வெப்ப உணரியும் வாங்கி, ஊரிலுள்ள ஆட்டோ ஒன்றில் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து கொப்பியில் எழுதுங்க. நம்ம கையால் எழுதிய அந்த இலக்கத்தில் யாரும் சாக்குக்கென்று கழிக்க முடியாது.