உழவன் கணக்குப் பார்த்தால்... டயாப்ளோவிலும் உழக்கு மிஞ்சாது!

டயாப்ளோ 2 ஆட்டத்தில் மாடுகள் மட்டுமே இருக்கும் ஒரு ரகசிய லெவல் உண்டு. இரண்டு காலில் நின்று, கையில் ஆயுதத்தோடு கூட்டம் கூட்டமாக வரும் மாடுகள். அங்கே போவதற்கான வாசலைத் திறக்க ஒரு டவுன் போர்ட்டல் புத்தகமும் ஒரு மரக்காலும் வேண்டும். இரண்டையும் ஹொராட்ரிக் க்யூப் என்ற பெட்டியில் போட்டு பட்டனை அமுக்கினால் வாசல் ரெடி.

சரி, அந்த மரக்கால் யாருடையது? ஆயிரக்கணக்கில் மாடு வெட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல பேர் முழிப்பார்கள்.

அது வர்ட் என்ற பையனுடைய கால். 1996-ன் கடைசியில் வந்த முதல் டயாப்ளோவில் ட்ரிஸ்ட்ராம் என்ற ஊர் ஓரத்தில் நின்று சாமான் விற்பான். சரக்கைக் காட்டுவதற்கே 50 தங்கக் காசு கேட்கிற பயல். அரக்கர்கள் இழுத்துக்கொண்டு போனபோது ஒரு காலை இழந்தவன். அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் அந்த ஊர் கொல்லர் கிரிஸ்வோல்ட். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ட்ரிஸ்ட்ராமுக்கு மறுபடி போகிறார் ஆட்டக்காரர். ஊர் எரிந்து கிடக்கிறது. வர்ட் பிணமாகக் கிடக்கிறான். கிரிஸ்வோல்ட் பேயாக மாறி அடிக்க வருகிறார். பின்னணியில் மாட் யூல்மனின் அதே பழைய கிடார் இசை. முதல் பாகம் ஆடியவர்களுக்கு வயிற்றைப் பிசையும் இடம் அது.

வேகமாக லெவல் ஏற்றும் கூட்டத்தின் அகராதியில் அந்த இடத்துக்கு ஒரே அர்த்தம்தான்: "ட்ரிஸ்ட் ரன். 15-ஆவது லெவல் வரைக்கும் நல்ல எக்ஸ்பி."

விஷயம் இதுதான். ஓர் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதை ஆடாமல் இருப்பதற்கு ஆயிரம் வழி கண்டுபிடித்து, அதற்குத் திறமை என்று பெயர் வைத்திருக்கிறது ஒரு கூட்டம். புதிதாக வருபவனுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவு சாடுகிறது.

ரஷ் என்ற திருவிழா

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டயாப்ளோ 2-ல் நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கட்டங்கள். 2001-ல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கத்தோடு சேர்த்து ஒவ்வொன்றிலும் ஐந்து அங்கங்கள். ஆக ஒரே கதையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கடினமாக, கடக்க வேண்டும். இதில் புதிய ஆள் நுழைகிறார். உயர்ந்த லெவலில் இருக்கும் ஒருவர் கூட வருகிறார். பெரும்பாலும் டெலிபோர்ட் வித்தை தெரிந்த சோர்சரஸ். அவர் தாவித் தாவிப் போய் பாஸைக் கொன்று வாசலைத் திறந்து வைப்பார். புதியவர் ஊரிலேயே நின்றுகொண்டிருந்துவிட்டு வாசலுக்குள் கால் வைத்தால் போதும். அங்கம் முடிந்தது!

பிறகு பேல் ரன். கடைசி அரக்கன் பேலின் சிம்மாசன மண்டபத்தில் ஐந்து அலையாகப் பேய்கள் வரும். வலுவானவர்கள் அடிப்பார்கள். ஓரமாக நிற்பவருக்கும் அனுபவப் புள்ளியில் பங்கு உண்டு. முடிந்ததும் வெளியே வந்து புது ஆட்டம் தொடங்கி மறுபடி அதே மண்டபம், அதே ஐந்து அலை. ஐம்பது முறை, நூறு முறை.

இப்படி வளர்ந்த ஆள் ஹெல்லில் தனியாக நுழையும்போதுதான் கூத்து. அங்கே எல்லாத் தடுப்புச் சக்தியிலிருந்தும் 100 புள்ளி கழிக்கப்படும். சில பேய்களுக்கு நெருப்பு ஏறாது, சிலவற்றுக்குக் குளிர் ஏறாது. செத்தால் அடுத்த லெவலுக்கு வேண்டிய அனுபவத்தில் 10 சதவீதம் வரை பறிபோகும். இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று நார்மலும் நைட்மேரும் மெல்ல மெல்லக் கற்றுக் கொடுத்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் இவர் ஊரில் நின்றுகொண்டிருந்தாரே! கைடு படித்துப் பாஸ் ஆனவன் இன்டர்வியூவில் உட்கார்ந்த கதை.

ரசீதும் சரக்கும்

காமர்ஸ் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: ரசீது வேறு, சரக்கு வேறு. சரக்கு கைமாறியதற்கு அத்தாட்சிதான் ரசீது.

லெவல் என்பது ரசீது. 60-ஆவது லெவல் என்றால், "இந்த ஆள் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், இத்தனை முறை செத்துப் பிழைத்திருக்கிறார், இன்ன பேயை இன்ன மாதிரி அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு. நடந்ததும் செத்ததும் தெரிந்துகொண்டதும்தான் சரக்கு. ரஷ் வாங்குகிறவர் சரக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு ரசீதை மட்டும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். வந்து அதை ஊருக்கெல்லாம் காட்டவும் செய்கிறார். :-)

அந்த ரசீதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உச்ச லெவல் 99. அதைத் தொட மொத்தம் சுமார் 352 கோடி அனுபவப் புள்ளி வேண்டும். 91-ஐத் தொடும்போது சேர்ந்திருப்பது சுமார் 176 கோடி. அதாவது 91 லெவல் ஏறியவர் பாதி வழியில்தான் நிற்கிறார்! மீதி எட்டு லெவல் இன்னொரு பாதி. போதாததற்கு 70-லிருந்து லெவல் ஏற ஏறக் கிடைக்கும் புள்ளியிலும் வெட்டு விழும். இவ்வளவுக்கும் அந்தக் கடைசிப் பாதியில் புதிதாகப் பார்க்க ஓர் ஊர் கிடையாது, கேட்க ஒரு வசனம் கிடையாது. அதே மண்டபம், அதே ஐந்து அலை.

இது என்ன விவசாயம்?

பொருள் சேர்க்க ஒரே பாஸைத் திரும்பத் திரும்பக் கொல்வதற்கு 'ஃபார்மிங்' என்று பெயர். விவசாயமாம்! பாவம் விவசாயி. அவன் விதைக்கிறான், தண்ணீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான். இவர் மெஃபிஸ்டோ இருக்கும் தளத்துக்குள் நுழைகிறார், அகழிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் நெருங்க முடியாதபடி அடித்துக் கொல்கிறார், கீழே விழுந்ததைப் பொறுக்குகிறார், வெளியேறுகிறார். மறுபடி நுழைகிறார். மெஃபிஸ்டோ அப்போதும் அங்கேயே நிற்கிறான், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

நல்ல பொருள் விழும் வாய்ப்பைக் கூட்ட 'மேஜிக் ஃபைண்ட்' என்ற குணம் உள்ள உடைகளைத் தேடித் தேடிப் போடுவார்கள். அதிலும் குறைந்துசெல் விளைவு விதி உண்டு. யூனிக் பொருள்களுக்கு 100 சதவீதம் போட்டால் உண்மையில் வேலை செய்வது சுமார் 71. 300 போட்டால் 136. 500 போட்டால் 166. கூடுதலாகச் சேர்த்த இருநூறுக்குக் கிடைத்தது வெறும் முப்பது! அந்த இருநூறுக்காகத் தடுப்புச் சக்தி தரும் நல்ல கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நோஞ்சானாகப் போய் நிற்பார். அதற்குப் பெயர் எஃபிஷியன்ஸி.

பின் ஏன் செய்கிறார்கள்? பதில் புறாவிடம் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். இத்தனை முறை கொத்தினால் தானியம் என்ற கணக்கு நிச்சயமாக இல்லாமல், எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் வருவது நின்ற பிறகும் வெகுநேரம் கொத்தும். மெஃபிஸ்டோவை முந்நூறாவது முறை கொல்கிறவரும் ஏறத்தாழ அதையேதான் செய்கிறார். அதைச் 'சாதனை' என்று சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது.

இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவர்களும் உண்டு என்பது இன்னும் கசப்பான விஷயம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ஆன்லைன் ஆட்டங்களில் தங்கம் சேர்த்து விற்கும் தொழிலில் சுமார் 4 லட்சம் பேர் இருக்கலாம், சராசரிச் சம்பளம் மாதம் 145 டாலர் என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008-ல் மதிப்பிட்டார். பெரும்பாலும் சீனாவில். அவர்களிடம் போய் "ஃபார்மிங் ஜாலியாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்களுக்காவது 145 டாலர் கிடைத்தது. இங்கே இருப்பவர் காசு கொடுத்து அந்த வேலையில் சேர்ந்திருக்கிறார்.

சந்தை கொடுத்த தீர்ப்பு

"எல்லாரும் செய்கிறார்களே, தப்பாக இருக்குமா?" என்பவர்களுக்குச் சந்தையின் வரலாறே பதில்.

டயாப்ளோ 2-ல் தங்கக் காசு குப்பை மாதிரி குவியும். ஒருவர் கையில் லெவலுக்கு 10,000 வீதம்தான் வைத்துக்கொள்ள முடியும். வாங்குவதற்கும் உருப்படியாக அதிகம் இல்லை. ஆகவே ஆட்டக்காரர்கள் ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரத்தைப் பணமாக்கினார்கள். சிறியது, மதிப்புள்ளது, எல்லாருக்கும் வேண்டியது. பணத்துக்கான இலக்கணம் அத்தனையும் பொருந்தும். உடனே கள்ள நோட்டும் வந்தது. மோதிரத்தை நகல் எடுக்கும் வழிகளைக் கண்டுபிடித்து அடித்துக் குவித்தார்கள். பணவீக்கம்! 2003-ல் வந்த 1.10 பேட்ச்சில், மோதிரங்களைக் கடைக்காரரிடம் விற்கச் விற்க சர்வரில் ஓர் எண்ணிக்கை ஏறும், குறிப்பிட்ட அளவு வந்ததும் சூப்பர் டயாப்ளோ ஒருவன் வருவான் என்று வைத்தார்கள். மோதிரங்கள் புழக்கத்திலிருந்து வெளியேற ஒரு வாய்க்கால். ரிசர்வ் வங்கி செய்ய வேண்டிய வேலையை ஒரு பேய் செய்தது.

பிறகு 2012 மே மாதம் டயாப்ளோ 3. இதில் ஏலக்கூடத்தைக் கம்பெனியே திறந்தது. அடுத்த மாதமே நிஜ டாலருக்கும் வாங்கி விற்கலாம் என்றானது. ஆயுதம், கவசம் எதுவானாலும் ஒன்றுக்கு அதிகபட்சம் 250 டாலர். விற்றால் கம்பெனிக்கு 1 டாலர். குறுக்கு வழிக்காரர்களின் கனவு நனவான நாள்! ரஷ் வேண்டாம், ஃபார்மிங் வேண்டாம். கார்டைத் தேய், கத்தியை எடு.

நடந்தது என்ன? பேயைக் கொன்று பொருள் எடுக்கும் ஆட்டத்தில் பேயைக் கொல்வதற்குக் காரணமே இல்லாமல் போனது. கீழே விழும் எதுவும் ஏலத்தில் கிடைப்பதைவிட மட்டமாகவே தெரிந்தது. ஆட்டத்தின் அடிப்படையையே இது கெடுக்கிறது என்று பிளிஸார்ட் தானே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18-ஆம் தேதி இரண்டு ஏலக்கூடங்களையும் இழுத்து மூடியது. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பார்த்த கம்பெனியே வேண்டாம் என்று மூடிய கடை அது. ரசீதை மட்டும் விற்றால் வியாபாரம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வழக்கமான பதில்கள்

"ஏற்கெனவே பத்து முறை கதையை முடித்தாச்சு, பதினோராவது முறையும் நடக்கணுமா?" நியாயம். பத்து முறை முடித்தவர் தன் பதினோராவது ஆளை எப்படி வேண்டுமானாலும் வளர்க்கட்டும். சரக்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. குற்றச்சாட்டு அதுவல்ல. முதல் முறை ஆடுகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் குற்றம். அது உதவி அல்ல. படம் பார்க்க வந்தவனிடம் கிளைமாக்ஸைச் சொல்லிவிட்டு, "மூணு மணி நேரம் மிச்சம், சந்தோஷமா?" என்று கேட்பது.

"லேடர் பந்தயத்தில் முதலில் 99 தொடுபவர்கள்?" அவர்கள் வேறு சாதி. ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு பேயும் மனப்பாடமாக இருப்பவர்கள். அது ஓட்டப்பந்தயம். ஓட்டப்பந்தயக்காரரைப் பார்த்துவிட்டு முதல் முறை ஊர் சுற்ற வந்தவனும் தலைதெறிக்க ஓட வேண்டியதில்லை.

"வேலைக்குப் போகிறவனுக்கு நேரமில்லை." இதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். நேரம் இல்லாதவர் நார்மல் கட்டத்தை மட்டும் ஒரு மாதம் வைத்து ஆடலாம். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் எதற்காக மெஃபிஸ்டோவை முப்பது முறை கொல்ல வேண்டும்? நேரம் குறைவு என்பது நல்லதைத் தேர்ந்தெடுக்கத்தான் காரணம், அலுப்பைத் தேர்ந்தெடுக்க அல்ல.

கடைசியாக...

உழவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். உழவனுக்கு அது வேதனை. வேறு வழியில்லாமல் உழுகிறான். இந்த டிஜிட்டல் உழவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இருபது வயதில், செமஸ்டர் லீவில், இஷ்டப்பட்டு உட்கார்ந்த இடம். அங்கே போயும் டார்கெட், எஃபிஷியன்ஸி, ஷிஃப்ட் என்று வாழ்வதற்கா? அதற்குத்தான் பட்டம் வாங்கிய பிறகு முப்பத்தைந்து வருடம் காத்திருக்கிறதே!

அடுத்த முறை யாராவது "ரஷ் வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு ட்ரிஸ்ட்ராமுக்கு நடந்தே போங்கள். அந்தக் கிடார் முடியும்வரை நில்லுங்கள். மரக்காலை எடுப்பதற்கு முன் அது யாருடையது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். மாடுகள் எங்கேயும் ஓடிவிடாது.

பி.கு.: "டயாப்ளோ ஆடுவதே டைம் வேஸ்ட், இதில் வேகமாக ஆடினால் என்ன, மெதுவாக ஆடினால் என்ன?" என்று கேட்கப்போகும் பெரியவர்களுக்கு: வேஸ்ட் ஆகும் நேரத்தையாவது உருப்படியாக வேஸ்ட் செய்ய வேண்டாமா?