நிக்சனும் குவேக்கர்தான்!

குவேக்கர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கும் தாத்தாதான் ஞாபகம் வருவார். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான். அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நிஜ குவேக்கர்கள் 1650 வாக்கில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அவர்களுடைய அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது. சாதாரணமாகத் தெரிகிறதா? கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எதிரிக்குள்ளும் அது இருக்கிறது என்றால் அவனைச் சுட முடியாது. பெண்ணுக்குள்ளும் இருக்கிறது என்றால் அவளை 'வாயை மூடு' என்று சொல்ல முடியாது. 1661-ல் ஆயுதம் எடுக்கவே மாட்டோம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1666-ல் மார்கரெட் ஃபெல், சிறையில் இருந்துகொண்டே, பெண்களும் சபையில் பேசலாம் என்று பைபிளை வைத்தே வாதாடிப் புத்தகம் போட்டார். இரண்டும் ஒரே வேர்.

இந்த வேரைத்தான் இன்றைய தலைவர்கள் வெட்டித் தனித்தனித் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். மார்ச் 8 பெண்ணுரிமை. செப்டம்பர் 21 உலக சமாதானம். மிச்ச நாளெல்லாம் ஆயுத பட்ஜெட்.

அதற்காக நாளைக்கே ஒரு குவேக்கரை ஜனாதிபதி ஆக்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆக்கிப் பார்த்தாயிற்று. ரிச்சர்ட் நிக்சன் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர், குவேக்கர்கள் தொடங்கிய விட்டியர் கல்லூரியில் படித்தவர். 1969 மார்ச்சில் தன் நாட்டு மக்களுக்கே தெரியாமல் கம்போடியா மேல் குண்டு போட ஆரம்பித்தவரும் அவரேதான். ஞானஸ்நானம் எல்லாம் இவர்களிடம் கிடையாது, பிறப்புச் சான்றிதழும் உதவாது போலிருக்கிறது.

உதவுவது வேறு ஒன்று. பென்சில்வேனியா சட்டசபை பல பத்தாண்டுகள் குவேக்கர்கள் கையில் இருந்தது. 1756-ல் ஆளுநர் டெலவேர் பழங்குடியினர் மீது போர் அறிவித்து, தலைத்தோலுக்கு இவ்வளவு என்று பரிசும் வைத்தார். ஆறு குவேக்கர் உறுப்பினர்கள் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். (லண்டனிலிருந்து நெருக்கடியும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.) போருக்குக் கை தூக்குவதைவிட நாற்காலி போனால் போகட்டும் என்ற முடிவு அது. இப்போது எந்த நாட்டு நாடாளுமன்றத்திலாவது இப்படி ஆறு பேரைக் காட்டுங்களேன்!

எனக்குப் பிடித்த உதாரணம் ஜான் பிரைட். எனக்குக் கோபம் வரவைக்கும் உதாரணமும் அவர்தான். பிரிட்டிஷ் எம்.பி. ஊரே வெறி பிடித்து ஆடிய கிரிமியப் போரை எதிர்த்தார். 1857 தேர்தலில் மான்செஸ்டர் தொகுதி அவரைத் தோற்கடித்தது. 1882-ல் பிரிட்டிஷ் கப்பற்படை அலெக்சாண்டிரியாவைக் குண்டுவீசித் தகர்த்ததும் கிளாட்ஸ்டன் அமைச்சரவையிலிருந்து ராஜினாமா. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இதே மனிதர், 1867-ல் பெண்கள் வாக்குரிமைக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டுவிட்டு, 1876-ல் அதை எதிர்த்துப் பேசினார். அவர் தம்பி ஜேக்கப்தான் அந்த மசோதாவை 1870-ல் கொண்டுவந்தவர், தங்கை பிரிசில்லா அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். எகிப்தியருக்குள் தெரிந்த ஒளி, கூடப் பிறந்தவளுக்குள் தெரியவில்லையா?

எதிர்ப்பக்கத்தில் உட்ரோ வில்சன். போரிலிருந்து நாட்டைக் காப்பாற்றியவர் என்ற பிரச்சாரத்தில் 1916-ல் மறுபடி ஜெயித்தார். 1917 ஏப்ரலில், ஜனநாயகத்துக்காக என்று சொல்லிப் போரில் குதித்தார். அப்போது வெள்ளை மாளிகை வாசலில், ஜனவரியிலிருந்தே பதாகையோடு பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள் சில பெண்கள். எங்களுக்கு ஓட்டு இல்லாத இந்த நாட்டில் என்ன ஜனநாயகம் என்பதுதான் கேள்வி. அவர்களை நிற்கவைத்தவர் ஆலிஸ் பால், குவேக்கர். சிறை, உண்ணாவிரதம், குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு. கல்லெறியவில்லை, கத்தவும் இல்லை. 1918-ல் வில்சன் இறங்கி வந்தார், 1920-ல் ஓட்டு வந்தது.

'அப்போ ஹிட்லரை என்ன செய்திருப்பே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னிடம் முழுசான பதில் இல்லை. குவேக்கர்கள் யூதக் குழந்தைகளை ஜெர்மனியிலிருந்து வெளியே கொண்டுவர உதவினார்கள், அது போதுமா என்றால் போதாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அலெக்சாண்டிரியாவுக்கும் கம்போடியாவுக்கும் கூட ஹிட்லரையே சாட்சிக்குக் கூப்பிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

ஆலிஸ் பால் ஓட்டோடு நிற்கவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று 1923-ல் ஒரு திருத்தம் கொண்டுவரச் செய்தார். அமெரிக்கக் காங்கிரஸ் அதை நிறைவேற்ற 1972 ஆனது. 38-வது மாநிலம் ஒப்புக்கொள்ள 2020 ஆனது. அதற்குள் காலக்கெடு தாண்டிவிட்டது என்று வழக்கு, வாதம். ஜோ பைடன் நாலு வருஷம் ஜனாதிபதியாக இருந்தார். 2025 ஜனவரி 17-ந் தேதி, பதவியை விட்டு இறங்க மூன்று நாள் இருக்கும்போது, என்னைக் கேட்டால் இது சட்டமாகிவிட்டது என்று அறிவித்தார். அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டிய அதிகாரி வெளியிடவில்லை, இவரும் உத்தரவு போடவில்லை. இருபதாம் தேதி வீட்டுக்குப் போய்விட்டார்.